மூட்டில் பனி

கழகத்தில் பாதுகாப்புக்கென்று ஆண்டுக்கு ஒரு வாரம் உண்டு. மிச்சமுள்ள ஐம்பத்தொரு வாரமும் வேலை நடக்கும்.

திருவனந்தபுரத்தில், விழிஞ்ஞத்துக்குப் போகும் பைபாஸ் ஓரத்தில், கழகம் என்ற அந்த அரசு நிறுவனத்தின் சரக்குக் கிடங்கு. கேட்டுக்குள் நுழைந்ததும் ஒரு பெரிய பலகை நிற்கும். 'விபத்தில்லா நாட்கள்: 406.' அதற்குக் கீழே வருகைப் பதிவுக்கு விரல் வைக்கும் பஞ்சிங் மெஷின். தினமும் காலை எட்டு மணிக்குப் பலகையில் எண்ணை மாற்றிவிடுவார்கள். கிடங்கில் ஒரு நாளும் தவறாமல் நடக்கிற பராமரிப்பு வேலை அது ஒன்றுதான். போன மழைக்காலத்தில் சுமை இறக்குகிற ஒரு சுமட்டுக்காரர் மேல் பலகைக்கட்டு சரிந்து கால் நசுங்கியது. அவரை ஆட்டோவில் ஏற்றி, ஆட்டோ கேட்டைத் தாண்டிய பிறகுதான் எழுதினார்கள். ஆகையால் அது சாலை விபத்து. எண் நிற்கவில்லை.

உள்ளே ஐந்து ஃபோர்க்லிஃப்டுகள். ஐந்தும் புரொப்பேன் கேஸில் ஓடுபவை. ஓட்டுகிறவன் முதுகுக்குப் பின்னால் சிலிண்டர் படுத்திருக்கும். தீர்ந்தால் கழற்றி நிறைந்ததை மாட்ட வேண்டும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. தீ எதுவும் பக்கத்தில் இல்லாத திறந்த இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டும். எஞ்சின் ஓடும்போதே சிலிண்டர் வால்வை அடைத்து, குழாயில் மிச்சமிருக்கிற கேஸ் எரிந்து தீர்ந்து எஞ்சின் தானே அணைகிறவரை பொறுக்க வேண்டும். சாவியைத் திருப்பி எடுத்துவிட வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு குழாய் மூட்டைக் கழற்றி, உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதிய சிலிண்டரை ஏற்றி மாட்டி, வால்வை மெல்லத் திறந்து, மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். தாணுமாலயனும் பிச்சையாவும் பதினோரு வருடமாக இதைச் செய்கிறார்கள். தாணு மூன்றாம் நம்பர் வண்டியை ஓட்டுகிறவன். பிச்சையா சிலிண்டர் தூக்கி மாட்டுகிறவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ஐம்பத்தாறு வயதுவரை தோளில் பாரம் இல்லாமல் ஒரு நாளும் நடக்காதவர். சோப்பு தாணு வீட்டிலிருந்து வரும். கையுறை பாதுகாப்பு அலுவலகத்தில், கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. ஒரு ஜோடி. பார்க்கலாம்.

மார்ச் மாதம், மூன்றாம் நம்பரின் வாஷர் பிளந்துபோனது. வால்வைத் திறந்தால் மூட்டில் சீறல் சத்தம். சத்தத்துக்குப் பின்னால் பித்தளை மேல் வெள்ளையாக, மாவு பூசியதுபோல, பனி ஏறும். வெளியே வெயிலில் தார் உருகுகிறது, இங்கே பனி. திரவமாக இருக்கிற கேஸ் கசிந்து காற்றில் விரியும்போது வருகிற குளிர் அது. வெறும் கை பட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடம் தீப்பட்டதுபோலக் கொப்பளிக்கும். பிச்சையாவின் வலது கையில் இரண்டு விரல் ஏற்கெனவே கொப்பளித்துவிட்டது.

வெளியிலிருந்து ஒரு வாஷர் வாங்கி மாட்டிவிடலாம்தான். போன வருடம் ஐந்தாம் நம்பர்க்காரன் அப்படித்தான் சாலைக் கடைத்தெருவிலிருந்து ஒன்று வாங்கி மாட்டினான். அது தண்ணீர்க் குழாய் வாஷர். கேஸ் பட்டதும் உப்பிப் பிய்ந்தது. அங்கீகாரமற்ற உதிரிப்பாகம் பொருத்தியதற்காக அவன் ஒரு மாதம் வீட்டில் இருந்தான்.

தாணு மாடி ஏறிப் போனான். பாதுகாப்பு அதிகாரி ஹரிகுமார் பாதுகாப்பு வாரத்துக்கான அழைப்பிதழில் பெயர்களின் வரிசையைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"சாரே, மூணாம் நம்பர்ல கேஸ் லீக்காகுது. வாஷர் போச்சு."

"கேட்டு," என்றார் ஹரிகுமார். கேட்டேன் என்று அர்த்தம்.

"மாத்தணும் சாரே. சின்ன வாஷர்தான். பிச்சையா அண்ணாச்சிக்குக் கை கொப்பளிச்சாச்சு."

ஹரிகுமார் பேனாவைக் கீழே வைத்தார். கழகத்தில் தமிழரோடு பேசும்போது அவர் பாதி வழி இறங்கி வருவார். மீதிப் பாதி நாம் ஏற வேண்டும். "தாணு, நீ பறஞ்சது ஞான் கேட்டு. பட்சே ஞான் அறிஞ்சில்லா. பேப்பர் வந்தாத்தான் ஞான் அறியும். வாயால பறஞ்சத ஞான் அறிஞ்சுபோனா, நாளைக்கு ஆடிட்காரன் வந்து 'நீ எங்ஙன அறிஞ்சு'ன்னு என்னைச் சோதிக்கும். ஃபாரம் எழுதித் தா."

தாணு அங்கேயே நின்று மலையாளத்தில் எழுதினான். வலியசாலையில் பிறந்து அரசுப் பள்ளியில் மலையாளம் படித்தவன். தமிழ் அவனுக்கு வீட்டில் பேசவும் கோயில் நோட்டீஸ் படிக்கவும்தான். ஹரிகுமார் அதை வாங்கவில்லை. புதிய சர்க்குலர் வந்திருந்தது. ஆபத்தைத் தொழிலாளி தன் தாய்மொழியில்தான் முழுமையாக உணர முடியும் என்று ஒரு கருத்தரங்கில் கண்டுபிடித்திருந்தார்கள். ஆகவே ஆபத்து அறிவிப்புப் படிவம் இனித் தாய்மொழியில் மட்டுமே. தாணுவின் பணிப் பதிவேட்டில் தாய்மொழி: தமிழ்.

"எனக்கு மலையாளம்தான் சாரே நல்லா எழுத வரும்."

"அது நீ அறியும். பதிவேடு அறியில்லல்லோ."

தமிழில் எழுதிக் கொடுத்தான். 'மூன்றாம் நம்பர் ஃபோர்க்லிஃப்டில் கேஸ் லீக். வாஷர் மாற்றணும்.' இரண்டு நாளில் அது திரும்பி வந்தது. நம்பர், ஃபோர்க்லிஃப்ட், கேஸ், லீக், வாஷர் ஆகிய ஐந்து சொற்களைச் சுற்றியும் சிவப்பு வட்டம். ஓரத்தில் குறிப்பு: 'இவை ஆங்கிலம். தாய்மொழியில் எழுதவும்.' வட்டம் போடாமல் மிஞ்சியவை 'மூன்றாம்', 'மாற்றணும்' இரண்டும்தான்.

கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து தாணுவும் பிச்சையாவும் தமிழைத் தேடினார்கள்.

"கேஸுக்குத் தமிழ்ல என்னடே?" என்றார் பிச்சையா.

"வாயுன்னு எழுதலாம் அண்ணாச்சி."

"வாயுன்னு எழுதுனா, கெழவனுக்கு வயித்துல வாயு, சுக்குக்காப்பி குடுன்னு சொல்லிருவானுவ."

"லீக்குக்கு?"

"ஒழுக்குன்னு எழுது. வேண்டாம், அதுக்குக் கூரைய வந்து பாத்துட்டுப் போவானுவ." பிச்சையாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் சொற்களின் மேல் அவருக்குப் பயம் இல்லை. "ஏல, எதுக்குக் கெடந்து முழிக்க? கண்ணால கண்டத எழுது. மூட்டுல பனி பிடிக்கி. தொட்டா கை சுடுது. இதுல இங்கிலீசு எங்க இருக்கு?"

தாணு எழுதினான்: 'மூன்றாம் எண். மூட்டில் பனி. தொட்டால் கை சுடும்.'

பனி என்றால் மலையாளத்தில் காய்ச்சல் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. திருவனந்தபுரத்தில் அது தெரியாத தமிழன் கிடையாது. ஆனால் தமிழில் எழுதச் சொன்னவர்கள் தமிழ் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத்தான் படிப்பார்கள் என்று நினைத்தான். கழகத்தைப் பற்றி அவன் நல்லதாக நினைத்தது அந்த ஒரு தடவைதான்.

படிவம் மொழிப் பிரிவுக்குப் போனது. அங்கே தமிழ் தெரிந்த ஒருவர் இருந்தார், நாகேஸ்வரன். ஆனால் மொழிபெயர்ப்புக்கு இன்னும் அனுமதி வரவில்லை. எழுத்துப் பெயர்ப்புக்கு மட்டும் வந்திருந்தது. தமிழ் எழுத்தை எடுத்துவிட்டு அதே ஒலிக்கு மலையாள எழுத்தை வைக்க வேண்டும். அவர் வைத்தார். 'பனி' அப்படியே காய்ச்சலாகிவிட்டது. 'மூட்டில்' என்பதற்கு அந்த ஊர்ப் பேச்சில் 'பின்புறத்தில்' என்று பொருள். மனிதன் எதை வைத்து உட்காருகிறானோ அது. ஆக, ஹரிகுமாரின் மேசைக்கு வந்து சேர்ந்த செய்தி இது: மூன்றாம் எண் ஊழியருக்குப் பின்புறத்தில் காய்ச்சல். தொட்டால் கை சுடுகிறது.

அன்று மதியமே தாணுவை முதலுதவி அறைக்கு அழைத்தார்கள். கழகத்தில் ஒரு படிவத்துக்கு அத்தனை வேகமாகப் பதில் வந்து யாரும் பார்த்ததில்லை. நர்ஸ் நீது பேப்பரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடியும் பேப்பரைப் பார்த்தாள்.

"சேட்டா, எத்தன நாளாயிட்டு உண்டு?"

"ஒரு வாரமா இருக்கு. நாளுக்கு நாள் கூடுது."

"உட்காரும்போது வேதனை?"

"உட்காருகதுக்கும் இதுக்கும் என்ன? வால்வத் தொறந்தா சீறுது. அவ்வளவுதான்."

நீது அதையும் பேப்பர் ஓரத்தில் குறித்துக்கொண்டாள். பிறகு துப்பாக்கி மாதிரி இருக்கிற அந்தத் தெர்மாமீட்டரை அவன் நெற்றிக்கு நேரே பிடித்தாள். தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு. பேப்பரில் சொன்னபடி, திரும்பி நிற்கச் சொல்லி, இரண்டடி தள்ளி நின்று அங்கேயும் பிடித்தாள். அங்கேயும் அதே கணக்குத்தான். அப்போதுதான் தாணு பேப்பரை வாங்கிப் படித்தான். படித்து முடித்தபோது இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அவள் கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள். பிறகு தாணு வாசலில் நின்ற பிச்சையாவை உள்ளே கூப்பிட்டுக் கையை விரித்துக் காட்டச் சொன்னான். அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

அவள் எழுதிய அறிக்கை தெளிவாக இருந்தது. தாணுமாலயனுக்குக் காய்ச்சல் இல்லை. பிச்சையாவுக்குக் குளிரால் தீப்புண், அதாவது 'கோல்ட் பர்ன்'. காரணம் கேஸ் கசிவு.

ஹரிகுமார் நேரில் இறங்கி வந்தார். "நீதூ, கோல்டாணோ, பர்னாணோ? ரெண்டும் ஒரே விரல்ல எங்ஙன வரும்? ஃபாரத்துல ஒண்ணுக்குத்தான் டிக் போட இடம்."

"அது அங்ஙனயாணு சார். மெடிக்கல் புக்கில் உண்டு."

"புக்கில் உண்டாவும். ஃபாரத்தில் இல்லல்லோ. பின்னே, காரணம் எழுதான் நினக்கு ஆரு அதிகாரம் தந்நு? நர்ஸ் புண்ணைப் பார்த்தாப் போதும். புண் எங்கேயிருந்து வந்நுன்னு பார்க்கான் வேற கமிட்டி உண்டு."

படிவத்தில் காய்ச்சல் இருந்ததால் தாணுவுக்குப் பத்து நாள் மருத்துவ விடுப்பு எழுதப்பட்டது. காய்ச்சல்காரன் வண்டி ஓட்டக் கூடாது. அது பாதுகாப்பு விதி. காய்ச்சல் போய்விட்டது என்று சான்று கொண்டுவந்தால் திரும்பச் சேரலாம். நீதுவிடம் கேட்டான். வராத காய்ச்சல் போனதாகத் தன்னால் எழுத முடியாது என்றாள். அவளிடம் பொய் இல்லை, அதுதான் இடைஞ்சல்.

இதற்கிடையில் கமிட்டி கூடியது. பின்புறத்தில் காய்ச்சல் என்பதால் சந்தேகம் வண்டியின் இருக்கை மேல் விழுந்தது. வெயிலில் நின்ற வண்டியின் சீட்டில் ஓர் அதிகாரி கைவைத்துப் பார்த்தார், சுட்டது. படிவத்தில் 'தொட்டால் கை சுடும்' என்று இருந்தது சரியாகப் பொருந்தியது. நான்கே நாளில், எந்த ஒப்பந்தப்புள்ளியும் இல்லாமல், அவசரப் பிரிவில், ஐந்து வண்டிகளுக்கும் புதிய குஷன் வந்து இறங்கியது. நீல நிறம். நடுவில் கழகத்தின் முத்திரை. மூன்றாம் நம்பருக்குக் கூடுதலாக ஒன்று.

வாஷர் வரவில்லை. கேட்டவர் யாரும் இல்லையே.

தாணு இல்லாததால் மூன்றாம் நம்பரை வேறொருவன் ஓட்டினான். சிலிண்டர் மாற்றுவது பிச்சையா தனியாக. மூட்டில் கந்தலைச் சுற்றிப் பிடித்துக்கொள்வார். பனி கந்தலையும் தாண்டி வரும். சாயங்காலம் டீக்கடையில் தாணுவிடம் கையைக் காட்டினார். இப்போது மூன்று விரல்.

"நீங்க மாட்ட மாட்டேன்னு சொல்லுங்க அண்ணாச்சி."

"சொன்னா?"

"சொன்னா என்ன?"

"எனக்கும் பனின்னு எழுதிருவானுவ. உனக்காவது மூட்டுல. எனக்கு எங்கன எழுதுவானுவளோ."

தாணு அன்றே நாகேஸ்வரன் வீட்டுக்குப் போனான். இரண்டு பேரும் வலியசாலைதான். அவர் அக்ரஹாரத் தெரு, இவன் பின்தெரு. நாகேஸ்வரன் ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"வாய்யா தாணு. ஜுரம் தேவலையா?"

"சாமி, ஜுரம் இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்லா. பனின்னா என்னன்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாம என்ன? கார்த்தால புல்லு மேல இருக்குமே, அது." அவர் பேப்பரை மடித்தார். "படிச்சப்பவே நேக்குப் புரிஞ்சுது. ஏதோ கேஸு கீஸு லீக்காறது, இவன் அழகாத் தமிழ்ல எழுதியிருக்கான்னு சந்தோஷம்கூடப் பட்டேன்."

"பின்ன ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா சாமி?"

"எங்கே சொல்றது? எழுத்து எங்க செக்‌ஷன். அர்த்தம் வேற செக்‌ஷன். அந்தச் செக்‌ஷனுக்கு இன்னும் ஆள் போடலை. நானாப் போய் அர்த்தம் சொன்னா, நீ எப்படி அடுத்தவா செக்‌ஷன் வேலையைப் பார்த்தேன்னு மெமோ வரும். நேக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு."

"அண்ணாச்சிக்குக் கை போயிரும் சாமி."

"போகப்படாது," என்றார் நாகேஸ்வரன். உண்மையாகவே வருத்தப்பட்டார். "திருத்தம் கேட்டு எழுதிக் குடேன். தாய்மொழியில எழுது. நானே கையால எழுத்து மாத்தித் தரேன்."

பாதுகாப்பு வாரத்தின் கடைசி நாள். பலகையில் எண் 419. ஷெட்டுக்கு முன்னால் பந்தல். 'கேஸ் வண்டிகளில் பாதுகாப்பாக எரிபொருள் மாற்றுதல்: நேரடிச் செயல்விளக்கம்.' செயல்விளக்கத்துக்கு மூன்றாம் நம்பரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள், இரண்டு குஷன் உள்ள வண்டி அது ஒன்றுதான் என்பதால். சக்கரத்துக்குக் கறுப்புப் பாலிஷ், சிலிண்டருக்கு வெள்ளிப் பெயின்ட், கைப்பிடியில் முல்லைச்சரம்.

வண்டிக்கு ஏழடி தள்ளி, பூக்கோலத்தின் நடுவில், ஐந்து திரி போட்ட குத்துவிளக்கு, இந்த ஊரில் அதன் பெயர் நிலவிளக்கு.

விளக்கேற்றாமல் இந்த ஊரில் எந்த விழாவும் தொடங்காது. தாணு விடுப்பில் இருக்கிற நோயாளி என்பதால் அவனைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். அந்தப் பக்கமாக வந்த ஹரிகுமாரைக் கயிற்றுக்கு மேலே கைநீட்டிப் பிடித்தான்.

"சாரே, அந்த விளக்க அங்கோட்டு மாத்தணும். மூணாம் நம்பர் லீக்கு சாரே. கேஸ் தரையோட படர்ந்து வரும். நேரே விளக்குக்குப் போகும்."

"தாணு, நிலவிளக்கு தீயல்லா. ஐஸ்வர்யம்."

"எரியுதுலா சாரே?"

ஹரிகுமார் பொறுமையாக ஷெட்டுச் சுவரைக் காட்டினார். அங்கே தடை செய்யப்பட்டவற்றின் பலகை. "நோக்கு. தீப்பெட்டி, சிகரெட்டு, மொபைலு. மூணு படமே உள்ளு. விளக்குப் படம் உண்டோ?"

கண்ணாடி அலமாரியைத் திறந்து கையுறையை எடுத்து வந்தார்கள். அதைத் தட்டில் வைத்து, கழகத்தின் எம்.டி. பத்மகுமாரிடம் கொடுத்தார்கள். அவர் அணிந்துகொண்டார். பிச்சையா வெறும் கையோடு சிலிண்டருக்குப் பக்கத்தில் நின்றார். புதுச் சட்டை கொடுத்திருந்தார்கள்.

எம்.டி. பேசினார்.

"பாதுகாப்பு என்பது ஒரு பொருள் அல்ல, அது ஒரு மனநிலை. பொருளாக இருந்தால் நிர்வாகம் வாங்கித் தர வேண்டியிருக்கும். மனநிலையைத் தொழிலாளி வீட்டிலிருந்தே கொண்டு வந்துவிடலாம். நானூற்றுப் பத்தொன்பது நாட்கள். இது சும்மா வந்ததல்ல. விபத்து நடக்காமல் இருப்பது அதிர்ஷ்டம். நடந்தது விபத்தா என்று பொறுப்போடு ஆராய்வதுதான் நிர்வாகம். அண்மையில் ஒரு சாதாரணத் தொழிலாளி, தன் உடம்பின் ரகசியத்தைக்கூட மறைக்காமல், கூச்சமில்லாமல், தாய்மொழியில் எழுதிக் கொடுத்தான். நாம் என்ன செய்தோம்? அவன் எங்கே தொட்டானோ அங்கே நாமும் தொட்டோம். ஐந்து வண்டிக்கும் குஷன். தொழிலாளி சொன்னால் இந்தக் கழகம் கேட்கும். கேட்டதை அறியும். அறிந்ததைப் பதியும். அதற்கு மேல் ஒரு நிறுவனத்திடம் என்ன எதிர்பார்க்க முடியும்?"

கைதட்டினார்கள். அவர் விளக்கேற்றினார். ஐந்து திரியும் எரிந்தன. பிறகு கையுறையோடு மூன்றாம் நம்பருக்கு நடந்து வந்து, நாடா வெட்டுவதற்குப் பதிலாக, வால்வைத் திறந்தார். மெல்லத் திறக்க வேண்டும். அவர் தலைமை ஏற்றவர். ஒரே திருப்பில் முழுசாகத் திறந்தார்.

மூட்டு சீறியது. நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்து முன்வரிசை மறுபடியும் கைதட்டியது. பித்தளை மேல் பனி ஏறுவதைப் பார்த்து ஓர் அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம் அழகாயிருக்கிறது என்றார். போட்டோக்காரர், சார் அப்படியே பிடிச்சுக்குங்க என்றார். எம்.டி. வால்வை அப்படியே பிடித்துக்கொண்டார். அதே நேரத்தில் ஒலிபெருக்கியில் உறுதிமொழி தொடங்கியது. எல்லாரும் எழுந்து, வலது கையை முன்னால் நீட்டி, அசையாமல் நிற்க வேண்டும். நின்றார்கள்.

"சாரே, பூட்டுங்க," என்றார் பிச்சையா. "சாரே, வால்வப் பூட்டுங்க."

எம்.டி. ஒரு பக்கம் திருப்பிப் பார்த்தார். அது திறக்கிற பக்கம். மேலும் திருகி இறுகிப்போனது. உறுதிமொழியின் நடுவில் பேசுவது அவருக்குச் சரியாகப் படவில்லை, கேமராவைப் பார்த்தார்.

தரையோடு வெண்மையாக ஒரு புகை இறங்கிப் பூக்கோலத்தை நோக்கிப் போனது. பிச்சையா அதைப் பார்த்தார். வால்வின் மேல் எம்.டி.யின் கை இருக்கிறது, எம்.டி.யின் கையைப் பிடித்து நகர்த்த அவருடைய ஐம்பத்தாறு வருடம் அவரை விடவில்லை. மூட்டைத் தன் வலது உள்ளங்கையால் பொத்தினார். பெருவிரலும் நான்கு விரலும் சேர்த்து, முழுப்பிடியாக. அத்தனை பேரும் வலது கையை நீட்டி, சக ஊழியரின் உயிரை என் உயிர்போலக் காப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அவருடைய வலது கை மட்டும் வேலையில் இருந்தது.

தாணு கயிற்றைத் தாண்டி ஓடினான். முதலில் விளக்கு. ஐந்து திரி. கையால் வீசி அணைக்கலாம், பூவால் அமர்த்தலாம். அதற்கெல்லாம் முறை உண்டு, நேரம் இல்லை. குனிந்து வாயால் ஊதினான். ஒன்று, இரண்டு, மூன்று. பெண்கள் பக்கத்திலிருந்து ஐயோ என்ற சத்தம் வந்தது. அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் எழுந்த முதல் பயம் அதுதான். ஐந்தையும் ஊதி அணைத்துவிட்டு, எம்.டி.யின் கையைத் தட்டிவிட்டு, இறுகியிருந்த வால்வை இரண்டு கையாலும் அடைத்தான்.

பிச்சையாவின் கை மூட்டோடு ஒட்டியிருந்தது. நீது வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டு வந்து மெல்ல ஊற்றிப் பிரித்தாள். கை வந்தது. தோலில் கொஞ்சம் பித்தளையிலேயே இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பலகையில் எண் 420 ஆனது. யாரும் சிரிக்கவில்லை.

கமிட்டி அதற்கு வேண்டியதை இரவுக்குள் முடித்திருந்தது. மூன்றாம் எண்ணில் பனி என்று ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தது. பிச்சையாவுடையதையும் அதிலேயே சேர்த்தார்கள். அதே இடம், அதே பனி, இரண்டாவது நோயாளி. நோய், விபத்தல்ல. தொற்று பரவாமலிருக்க மூன்றாம் நம்பரின் இரண்டு குஷன்களையும் எரித்துவிட்டு, புதிதாக இரண்டு போட்டார்கள்.

தாணுவுக்கு வேலை நீக்க ஆணை வந்தது. கழகத்தின் நிலவிளக்கை, பொது நிகழ்ச்சியில், வாயால் ஊதி அணைத்தது குற்றம். ஏன் அணைத்தாய் என்பதற்குத் தாய்மொழியில் விளக்கம் தரலாம். தாணு பேப்பரை எடுத்து வைத்து இரண்டு நாள் உட்கார்ந்திருந்தான். கேஸ் என்று எழுதக் கூடாது. லீக் என்று எழுதக் கூடாது. பனி என்று எழுதினால் காய்ச்சல் வேகத்தில் ஊதினான் என்று முடித்துவிடுவார்கள். அவனிடம் மிச்சமிருந்தவை 'மூன்றாம்', 'மாற்றணும்' என்ற இரண்டு சொற்கள். அவற்றை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். விளக்கம் திருப்தியளிக்கவில்லை என்று பதில் வந்தது.

ஆறு வாரம் கழித்து, கட்டுப் பிரித்த பிறகு, பிச்சையா வேலைக்கு வந்தார். தாணு கேட் வரைக்கும் கூட வந்தான். அதற்கு மேல் அவனுக்கு அனுமதி இல்லை. பிச்சையா பஞ்சிங் மெஷினில் வலது பெருவிரலை வைத்தார். புதுத் தோல், இளஞ்சிவப்பு, கண்ணாடிபோல வழவழப்பு. ரேகை ஒன்றுகூட இல்லை.

மெஷினுக்குள் இருக்கிற பெண் குரல், "வீண்டும் சிரமிக்குக," என்று மீண்டும் முயலச் சொன்னது.

மறுபடி வைத்தார். மறுபடி அதையே சொன்னது. அடுத்த விரலை வைத்தார். அதற்கடுத்ததை வைத்தார்.

வாட்ச்மேன் செல்வகணேஷ் வெளியே வந்தான். நாகர்கோவில்காரன். அவனும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இடது கைய வைக்கட்டாடே?"

"இடது கை பதிவுல இல்ல அண்ணாச்சி. புதுசாப் பதியணும். ஃபாரம் இருக்கு. பதிஞ்ச கைய வச்சு, இது நாந்தான்னு ஒருக்கா உறுதிப்படுத்தணும். பெறவு இடது கைய எடுத்துக்கிடும்."

"பதிஞ்ச கைதானே போச்சு?"

"அதாக்கும் விசயம்."

உள்ளே ஷெட்டில் மூன்றாம் நம்பருக்குச் சிலிண்டர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். சீறல் சத்தம் கேட் வரைக்கும் கேட்டது. யாரோ ஒருவன் கந்தலைத் தேடி ஓடினான்.

"அப்ப எனக்கு வேல இல்லையாடே?" என்றார் பிச்சையா.

செல்வகணேஷ் சத்தம் வந்த திசையைப் பார்த்தான். "வேல இருக்கு அண்ணாச்சி. நீங்கதான் இல்ல."

பிச்சையா பெருவிரலைச் சட்டையில் அழுத்தித் துடைத்துவிட்டு, மறுபடியும் மெஷினில் வைத்தார்.